641-ல் உடையும் எண்: 4294967297-ஐக் கையால் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை 641001. திருப்பூர் 641601. மேட்டுப்பாளையம் 641301. 1972-ல் பின்கோடு முறை வந்ததிலிருந்து கொங்கு நாட்டில் பாதிப் பேர் இந்த 641-ஐ யோசிக்காமலே எழுதிக்கொண்டிருக்கிறோம். கணித வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. 1640-ல் பியர் டி ஃபெர்மா ஒரு வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று நம்பிக் கடிதத்தில் எழுதினார். 92 ஆண்டுகள் கழித்து, 1732-ல், லியோனார்டு ஆய்லர் அந்த நம்பிக்கையை முறித்தார். அதற்கு அவர் பயன்படுத்திய எண் 641. உடைந்தது 4294967297, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

இந்த எண்ணின் குணங்களை நீங்களே கண்டுபிடிப்பதற்கான வழி கீழே இருக்கிறது. பேனா, நோட்டு, மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்குமே அந்த 12 இலக்கக் கால்குலேட்டர், இவை போதும். பத்தாம் வகுப்பில் 'மட்டு எண்கணிதம்' படித்தவர்களுக்கு வேகமாகப் போகும். படிக்காதவர்கள் 'மீதி' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

தொடங்கும் முன் ஒன்று. பெரிய எண்ணைக் கண்டதும் 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுக்கத் தொடங்குவதுதான் பலருக்கும் பழக்கம். இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வரும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. எண் பகா எண்ணாக இருந்திருந்தால் அத்தனையாலும் வகுத்துத் தீர வேண்டும். அதனால் இலக்கங்களை விட்டுவிட்டு, எண் எப்படி உருவானது என்று முதலில் பாருங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதிலிருந்துதான் வருகிறது.

படி 1: எண் பிறந்த வழியை எழுதுங்கள்

2-ல் தொடங்கி வர்க்கம் எடுத்துக்கொண்டே போங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். முதல் ஐந்தும் பகா எண்கள். ஐந்தும் சரியாக வந்ததும் ஆறாவதும் அப்படித்தான் என்று நினைப்பது இயல்பு. ஃபெர்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

நம் எண் 2³² + 1 என்பதை நோட்டின் மேல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். இனி 4294967297 என்ற உருவம் சரிபார்க்கும்போது மட்டும்தான் தேவைப்படும்.

படி 2: முந்தைய ஐந்து எண்களையும் ஒரே அடியில் கழியுங்கள்

3 × 5 = 15. இது 17-ஐ விட 2 குறைவு. 15 × 17 = 255, இது 257-ஐ விட 2 குறைவு. 255 × 257 = 65535, இதுவும் 65537-ஐ விட 2 குறைவு. கடைசியாக 65535 × 65537 = 4294967295. நம் எண்ணுக்கு மறுபடியும் 2 குறைவு.

ஆக 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பெருக்கி 2 கூட்டினால் நம் எண். இவற்றில் ஏதாவது ஒன்று நம் எண்ணை மீதியின்றி வகுத்தால், அது 2-ஐயும் வகுத்தாக வேண்டும். அது நடக்காது. ஐந்தும் காரணிகள் இல்லை என்று முடிவாகிவிட்டது. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் 59 வரும், 3-ல் வகுபடாது, ஒத்துப்போகிறது.

படி 3: காரணி எந்த வடிவில் இருக்க முடியும்?

இந்தப் படியில் நிதானமாக இருங்கள், மற்றவை எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

நம் எண்ணுக்கு 'ப' என்று ஒரு பகாக் காரணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் எண் ஒற்றைப்படை, ஆகவே ப-வும் ஒற்றைப்படை. 2-ன் அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ப-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டே போங்கள். 2³² + 1 என்பது ப-ஆல் மீதியின்றி வகுபடுவதால், 32-ஆவது அடுக்கின் மீதி −1. (ப − 1 என்பதும் −1 என்பதும் இங்கே ஒன்றுதான்.) அதை வர்க்கம் எடுத்தால் 64-ஆவது அடுக்கின் மீதி 1. மீதி 1 வந்ததும் வரிசை முதலிலிருந்து திரும்ப வரும்.

அப்படியானால் மீதிகள் 64-க்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. அதற்கு முன்பே ஒரு சுற்று முடிந்திருக்குமா? முடிந்திருந்தால் அந்தச் சுற்றின் நீளம் 64-ஐ வகுக்கும் எண்ணாக, 32 அல்லது அதற்கும் கீழாக இருக்க வேண்டும். அப்போது 32-ஆவது அடுக்கிலும் மீதி 1 வந்திருக்கும். ஆனால் அங்கே −1 இருக்கிறது. ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64.

இப்போது ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைக் கொண்டு வாருங்கள்: ப ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2-ன் (ப − 1)-ஆவது அடுக்கை ப-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே ப − 1 என்பது 64-ன் மடங்கு. அதாவது எந்தப் பகாக் காரணியும் 64-ன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தேற்றத்தையும் ஃபெர்மா அதே 1640-ல் ஒரு கடிதத்தில்தான் எழுதினார். இதைப் பொறுமையாகத் தன் எண்மீது சரியாகப் போட்டுப் பார்த்திருந்தால் 641 அவர் கையிலேயே கிடைத்திருக்கும்.

பட்டியல் போடுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் 65, 129, 321, 385, 513 பகு எண்கள். 257 படி 2-லேயே போய்விட்டது. மிச்சம் 193, 449, 577, 641. நான்காவது வகுத்தலிலேயே விடை. வரிசையாக வகுத்திருந்தால் 641 என்பது 116-ஆவது பகா எண்.

1878-ல் எட்வார்டு லூக்கா இதை இன்னும் இறுக்கினார்: 64 அல்ல, 128-ன் மடங்கோடு 1. காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம். 2⁸ × (2¹⁶ − 1) என்ற எண்ணை வர்க்கம் எடுத்து, 2³² வரும் இடத்தில் −1 போட்டுச் சுருக்குங்கள். மீதி 2 வரும். ஆக 2 என்பதே ஏதோ ஒன்றின் வர்க்கம். அந்த ஏதோ ஒன்றின் சுற்று நீளம் 128. இந்தப் பட்டியலில் 129, 257, 385, 513, 641 மட்டும். 129, 385, 513 பகு எண்கள், 257 கழிந்துவிட்டது. முதல் முயற்சியே 641!

படி 4: 641 உண்மையில் வகுக்கிறதா?

முதலில் 641 பகா எண்தானா என்று பார்த்துவிடுங்கள். 25 × 25 = 625, 26 × 26 = 676, எனவே 23 வரையுள்ள பகா எண்கள் போதும். எதுவும் வகுக்காது. (முழுப் பின்கோடான 641001-ஐப் பகா எண் என்று நினைத்துவிடாதீர்கள். அது 3 × 43 × 4969. நீலகிரிக்காரர்களின் 643-ம் பகா எண்தான், 641-க்கு இரட்டைப் பிறவி. நடுவில் இருக்கும் பொள்ளாச்சியின் 642 பாவம், 2 × 3 × 107.)

இனி 2³² வரை ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் வர்க்கம் எடுத்து 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2⁸ = 256.
2¹⁶ = 65536. 641 × 102 = 65382, மீதி 154.
2³²-க்கு 154 × 154 = 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது, மீதி −1.

2³²-ன் மீதி −1 என்றால் 2³² + 1-ன் மீதி 0. முடிந்தது. கால்குலேட்டர் கூட இல்லாமல் மனக்கணக்காகவே செய்யலாம்.

இதைவிட அழகான நிரூபணமும் ஒன்று உண்டு. அதில் வகுத்தலே கிடையாது. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இன்னொன்று 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவிலிருந்து, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-ன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-ன் மீதி 1. இரண்டாம் வடிவிலிருந்து 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். இப்போது −2³²-ன் மீதி 1. அவ்வளவுதான்.

நேரடியாகவும் பார்க்க விரும்பினால்: 641 × 6700417 = 4294967297.

படி 5: 6700417 இன்னும் உடையுமா?

பலர் படி 4-லேயே நிறுத்திவிடுவார்கள். அது அரைக் கிணறு தாண்டியது போலத்தான். 67 லட்சத்து 417 மேலும் பிரியுமா என்று தெரியாமல் எண்ணின் மற்ற குணங்களைச் சொல்ல முடியாது.

2588-ன் வர்க்கம் 6697744, 2589-ன் வர்க்கம் 6702921. எனவே 2588 வரை தேடினால் போதும். வரிசையாக வகுத்தால் இன்னும் இருநூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் பாக்கி. ஆனால் 6700417-ன் காரணி நம் எண்ணுக்கும் காரணி, ஆகவே அதுவும் 128-ன் மடங்கோடு 1 என்ற வடிவில்தான் இருக்க வேண்டும். 2588-க்குள் அப்படி 20 எண்களே உள்ளன. பகு எண்களை அடித்துவிட்டால் மிஞ்சுபவை 257, 641, 769, 1153, 1409. இதில் 257 ஏற்கெனவே கிடையாது. நான்கே வகுத்தல்கள்:

641-ஆல் வகுத்தால் மீதி 44.
769-ஆல் மீதி 120.
1153-ஆல் மீதி 334.
1409-ஆல் மீதி 622.

எதுவும் பூச்சியம் இல்லை. 6700417 பகா எண். பட்டியலில் 1537 (29 × 53), 1793 (11 × 163), 1921 (17 × 113), 2561 (13 × 197) ஆகியவை பார்க்கப் பகா எண்கள் போலவே இருக்கும், ஏமாறாதீர்கள். தெரியாமல் அவற்றாலும் வகுத்தால் தப்பில்லை, நேரம்தான் வீண்.

படி 6: காரணிகளிலிருந்து வரும் கணக்குகள்

இதெல்லாம் சடசடவென்று முடிந்துவிடும். மொத்த வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. அவற்றின் கூட்டுத்தொகை 642 × 6700418 = 4301668356. எண்ணைத் தவிர்த்த மற்ற மூன்றின் கூட்டுத்தொகை 6701059 மட்டுமே. எண்ணோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. எனவே இது குறைவு எண் வகை, நிறைவு எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. (அந்தக் கூட்டுத்தொகை எண்ணுக்கே சமமாக வந்தால் நிறைவு எண், அதைவிடக் குறைந்தால் குறைவு எண்.)

இதைவிடச் சிறிய, இதோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? 640 × 6700416 = 4288266240. அதாவது ஏறக்குறைய எல்லாமே.

படி 7: இரண்டு வர்க்கங்களின் கூட்டல்

எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த பகுதி இது. வகுக்காமலேயே ஒரு எண் பகு எண் என்று காட்ட முடியும் என்பதை இங்கே பார்க்கலாம்.

நம் எண் 65536² + 1² என்று கண்ணுக்கு முன்னாலேயே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக நிற்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை இப்படி ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். இரண்டாவது விதம் ஒன்று கிடைத்தால், அது பகா எண் இல்லை.

இரண்டாவது விதத்தைத் தேட, காரணிகளை முதலில் வர்க்கங்களாகப் பிரியுங்கள். 641 = 25² + 4². இது சுலபம். 6700417-க்குத் தட்டுத் தடுமாற வேண்டாம், 65536, 1 என்ற இணையையே பயன்படுத்துங்கள்:

25 × 65536 − 4 × 1 = 1638396. இதை 641-ஆல் வகுத்தால் 2556.
4 × 65536 + 25 × 1 = 262169. இதை 641-ஆல் வகுத்தால் 409.

2556² = 6533136, 409² = 167281, கூட்டினால் 6700417. மீதியே இல்லாமல் வந்துவிட்டது.

இனி இரண்டு ஜோடிகளையும் குறுக்கே பெருக்குங்கள். இந்த வித்தை 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் எழுதியதுதான். 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. முதல் இரண்டைக் கூட்டினால் 65536, அடுத்த இரண்டைக் கழித்தால் 1. பழைய ஜோடி. முதல் இரண்டைக் கழித்தால் 62264, அடுத்த இரண்டைக் கூட்டினால் 20449. புதிய ஜோடி!

சரிபாருங்கள்: 62264² = 3876805696, 20449² = 418161601. கூட்டுத்தொகை 4294967297. இன்னொன்றும் கவனியுங்கள், 20449 தானே 143-ன் வர்க்கம். ஏன் என்று கேட்டால் அது தற்செயல் என்றே சொல்வேன், ஆனாலும் பார்க்க நன்றாயிருக்கிறது.

இந்த இரு வர்க்கக் கூட்டலுக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. 1887-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், 1913-ல் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, இப்படி இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதக்கூடிய எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பதற்கு ஒரு சூத்திரம் தந்திருந்தார். எல்லாரும் 1729 கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறோம், இதைச் சொல்வாரில்லை.

படி 8: கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

சரவணம்பட்டிப் பக்கம் ஐடி வேலை பார்ப்பவர்களுக்கு 4294967296 பழகிய எண்தான். 32 பிட்டில் எழுதக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை அது. நம் எண் அதைவிட ஒன்று கூடுதல். ஈரடிமானத்தில் எழுதினால் முதலில் ஒரு 1, நடுவில் 31 பூச்சியங்கள், கடைசியில் ஒரு 1, மொத்தம் 33 இலக்கங்கள். 32 பிட் குறியில்லா முழு எண் மாறியில் இதைத் திணித்தால் மேல் இலக்கம் வெட்டுப்பட்டு வெறும் 1 மட்டும் நிற்கும். ஆகவே 64 பிட் மாறியையே எடுங்கள், அல்லது பைத்தானில் எழுதுங்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரு எண் பகா எண்தானா என்று வேகமாகச் சோதிக்க, 2-ஐ (எண் − 1)-ஆவது அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். நம் எண்ணுக்கு அந்த மீதி 1-தான் வரும்! காரணம் படி 3-லேயே இருக்கிறது: 2-ன் சுற்று நீளம் 64, எண் − 1 என்பது 2³², அது 64-ன் மடங்கு. எனவே 2-ஐ மட்டும் நம்பும் நிரல் இதைப் பகா எண் என்றே சொல்லிவிடும். ஃபெர்மா எண்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி. 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 வராது, குட்டு வெளிப்பட்டுவிடும்.

படி 9: வடிவியலில் இதன் இடம்

1796-ல் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ இருந்தால் மட்டுமே வரையலாம். நம் எண் உடைந்துவிட்டதால், இத்தனை பக்கப் பலகோணத்தை அப்படி வரைய முடியாது. படி 2-ல் வந்த 4294967295 பக்கங்களுக்கு, கொள்கையளவில், முடியும். இரண்டே பக்கம்தான் வித்தியாசம். இதுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே என்பதால், இப்படி வரையலாம் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் பெரியதும் அதுதான்.

அடுத்த எண்ணுக்குப் போக

நம் எண்ணுக்கு அடுத்தது 2⁶⁴ + 1 = 18446744073709551617. இதே முறையில் காரணிகள் 256-ன் மடங்கோடு 1 என்ற வடிவில் இருக்கும். ஆனால் இங்கே அதிர்ஷ்டம் அவ்வளவு சீக்கிரம் வராது. முதல் காரணி 274177, அதாவது 256 × 1071 + 1. பட்டியலில் 1071-ஆவது இடம். 1880-ல் லாண்ட்ரி இதன் காரணிகளை வெளியிட்டார். மற்றொன்று 67280421310721.

274177-ஐக் கையாலேயே சரிபார்க்கலாம். 2³² = 4294967296. இதிலிருந்து 274177 × 15665-ஐக் கழித்தால் −15409. அதை வர்க்கம் எடுங்கள்: 237437281. 274177 × 866 = 237437282. 641-க்கு வந்தது போலவே ஒன்று குறைகிறது, மீதி −1. 2³³ + 1-ல் இருந்து தொடர வேண்டாம், அது ஃபெர்மா எண்ணே அல்ல, 3-ல் வகுபடும். அடுக்கு இரட்டிப்பாக வேண்டும்: 2¹²⁸ + 1-க்கு முழுக் காரணிகள் 1970-ல்தான் கிடைத்தன. அங்கே கால்குலேட்டர் எடுபடாது.